பலகையின் மூன்றாவது பத்தி

ஸ்ரீரங்கம்
12 ஜூலை 2025

அதெப்படி ரகு, பலகையில் வரவேண்டியதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் 'அத்தை படித்து ஆசீர்வாதம் பண்ணணும்' என்று ஒரு வரி போட்டிருக்கிறாய்? முடித்ததற்கு அப்புறம் நான் எதைப் படிப்பது? சரி, ரங்கநாதன் கிருபையில் நானும் உன் அத்திம்பேரும் க்ஷேமம். அவருக்கு முழங்கால் வலிதான் கார்த்தாலே எழுந்திருக்கும்போது கொஞ்சம் தூக்கல். உனக்கும் சுப்ரஜாவுக்கும் உடம்பு எப்படி? பூனாவில் விடாமல் மழை என்று டி.வி.யில் காட்டினான்.

போனில் பேசலாமே என்பாய். வேண்டாம். போன தடவை போனில் நான் சொன்னதையே, 'நீங்கள் சொல்லவில்லை' என்று சாதித்தாய். எழுத்தில் இருக்கட்டும்.

நீ அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் பழைய விமானச் சங்கத்துக்காரர்கள் ஏதோ கோடவுனில் கிடந்த மர இறக்கையைக் கண்டெடுத்து, சரிபண்ணி, ஜனவரியில் திருச்சியில் ஒரு ஹாலில் வைக்கப் போகிறீர்கள். பக்கத்தில் ஒரு பலகை. முதல் பத்தியில், பாலக்கரைப் பக்கம் குதிரை வண்டியும் பஸ் பாடியும் கட்டிக்கொண்டிருந்த பட்டறையை யுத்த காலத்தில் சர்க்கார் எடுத்துக்கொண்டு, பையன்கள் பறக்கக் கற்றுக்கொள்ளும் மர விமானங்களை ரிப்பேர் பண்ணவைத்த கதை. நன்றாகவே எழுதியிருக்கிறாய். இரண்டாவது பத்தியில் என் அப்பா. 'பரிசோதகர் ஆர். யதிராஜன் கையெழுத்திட்ட இறக்கைகளில்தான் நூற்றுக்கணக்கான வாலிபர்கள் பறந்தார்கள்.' உன் தாத்தா அங்கே ஒரு ஆணிகூட அடித்ததில்லை. இங்கிலீஷ் தெரியும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை கிடைத்தது. அது இருக்கட்டும்.

மூன்றாவது பத்திதான் விஷயம். 'பரிசோதனை முடிந்த இறக்கையின் துணியைத் தச்சர் அப்துல் ஹலீம் அனுமதியின்றிக் கிழித்ததால் ஒரு விமானம் விழுந்து மாணவர் ஒருவர் இறந்தார். ஹலீம் ஆறு மாதம் சிறையில் இருந்தார்.' அந்தப் பத்தியை எடுத்துவிடு. வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

சம்மதப் படிவத்தில் 'உயிரோடிருக்கும் ஒரே மகள்' என்று போட்ட இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாமே. பத்தி போனதும் போட்டு அனுப்புகிறேன்.

பெருமாள் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வைஜயந்தி அத்தை


புனே
24 ஜூலை 2025

அத்தைக்கு ரகுநந்தனின் நமஸ்காரங்கள்.

நாங்கள் சௌக்கியம். சுப்ரஜா உங்களையும் அத்திம்பேரையும் விசாரித்தாள். அவருக்கு முழங்காலுக்கு ஒரு பட்டை அனுப்பியிருக்கிறேன், கூரியரில் வரும்.

பத்தியை எடுக்க முடியாது அத்தை. அது என் கற்பனை இல்லை. விசாரணை அறிக்கையின் நகலைத் தேடிப்பிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. விஷயத்தை எளிதாகச் சொல்கிறேன். அந்த விமானங்களின் இறக்கை என்பது மரச்சட்டங்களைப் பசை போட்டு ஒட்டிய ஒரு கூடு. கூட்டின் மேல் துணியை இழுத்துத் தைத்து, வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசிவிடுவார்கள். தைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. ஆகவே தைப்பதற்கு முன் பரிசோதகர் விளக்கு வைத்து ஒவ்வொரு ஒட்டையும் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். சீட்டு இல்லாமல் ஊசி எடுக்கக்கூடாது. இது விதி.

விழுந்த விமானத்தின் சீட்டு அறிக்கையோடு இருக்கிறது. தாத்தாவின் கையெழுத்து. 'உட்புறம் பார்த்தேன். ஒட்டு சரி. 6-1-44, காலை 5.30.' அன்று சாயங்காலம் ஹலீம் கத்தியால் துணியை ஒரு அடி நீளம் கிழித்தபோது மேஸ்திரி கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். மறுபடி தைத்தார்கள். மூன்று வாரத்தில் இறக்கை ஆகாயத்திலேயே பிளந்தது. வேறு என்ன வேண்டும்?

தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்தது. உங்களுக்கு ஏன் சந்தோஷமில்லை என்று புரியவில்லை. ஹலீம் நமக்கு என்ன உறவா?

படிவத்தை அனுப்பிவையுங்கள்.

ரகு


ஸ்ரீரங்கம்
3 ஆகஸ்ட் 2025, ஆடிப் பெருக்கு

சிரஞ்சீவி ரகுவுக்கு,

இங்கே எல்லோரும் க்ஷேமம். பட்டை வந்தது. அத்திம்பேர் அதைக் கைக்குப் போட்டுப் பார்த்து, சின்னதாக இருக்கிறது என்று திரும்ப டப்பாவில் வைத்துவிட்டார். முழங்காலுக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடிக்கட்டும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் இன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. சித்ரான்னத்தைக் கட்டிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டே திரும்பி வந்தோம்.

ஹலீம் என்ன உறவா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. உன் தாத்தாவுக்கு அவன் ஒரு பட்டறைத் தச்சன், எனக்கு வெறும் பேர். ஆனால் பேருக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள் இல்லையா? செத்துப்போன மனுஷனைத் தோண்டியெடுத்து இன்னொரு தடவை ஜெயிலில் போட நீ யார்? நீ வைப்பது இறக்கைக்குப் பலகையா, அவனுக்குக் குற்றப்பத்திரிகையா?

உனக்கு வம்சத்தின் மேல் இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்றும் தெரியவில்லை. உன் அப்பா திதிக்கு மூன்று வருஷமாக நீ வரவில்லை. ஆன்லைனில் பணம் கட்டினேன், மடத்தில் பண்ணிவிட்டார்கள் என்கிறாய். தாத்தாவுக்கு மட்டும் பலகை.

பத்தியை எடு. காரணம் கேட்காதே. பெரியவள் சொல்கிறேன் என்று எடு.

அத்தை


புனே
20 ஆகஸ்ட் 2025

அத்தைக்கு,

நலம்தானே. நாங்களும்.

திதியைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. வரலாற்றைப் பற்றிப் பேச உண்டா என்று யோசித்துப் பாருங்கள். நான் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், பட்டறை வரைபடம் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்திருக்கிறேன். நீங்கள் தொட்டியத்தில் எட்டாவது வரை படித்தவர். காரணம் கேட்காதே என்பது ஒரு வாதமே இல்லை.

சங்கத்தில் விசாரித்துவிட்டேன். அப்பாவின் வாரிசு என்ற முறையில் என் கையெழுத்தே போதுமாம். உங்கள் படிவம் இனி தேவைப்படாது. ஜனவரி 11 திறப்பு விழா. செய்தியைத் திருச்சிப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறோம், பலகை வாசகத்தோடு. வந்தால் முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன். வராவிட்டாலும் நடக்கும்.

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

ரகுநந்தன்


ஸ்ரீரங்கம்
6 அக்டோபர் 2025

ரகுவுக்கு,

க்ஷேமமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் கடுதாசிக்கு உடனே பதில் போடாததற்குப் புரட்டாசி ஒரு காரணம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தளிகை, வருவோர் போவோர். இன்னொரு காரணம், எழுத உட்கார்ந்தால் கை வசவாகவே எழுதியது. கிழித்துப் போட்டேன். தொட்டியத்து எட்டாம் கிளாஸில் ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். படித்தவன் எழுதினதாலேயே ஒன்று நிஜமாகிவிடாது. புத்தகத்தில் இல்லை, வாத்தியார் வாய்மொழியாகச் சொன்னார்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறே. போன வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையில் முக்காடு. மலைக்கோட்டைக்குக் கீழே சந்தில் ஸ்கூல் யூனிபாரம் தைக்கிற கடை வைத்திருக்கிறாளாம். பேர் ஆரிஃபா. அப்துல் ஹலீமுடைய பேத்தி. கையில் பத்திரிகைத் துண்டு. அதில் என் பேரில்லை, 'யதிராஜனின் குடும்பத்தினர் ஸ்ரீரங்கத்தில் வசிக்கின்றனர்' என்று ஒரு வரி உன்னால் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கேட்டு வந்திருக்கிறாள்.

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். சண்டைக்கு வந்தவள் இல்லை. மெதுவாகத்தான் பேசினாள். அவள் அப்பாவைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம்.

"ஏரோப்ளேன் கவுத்தான் மவன்னுதாம்மா கூப்புடுவாங்களாம். ஆறாவதோட நின்னுட்டாரு. அப்புறம் எங்க அத்தாவோட அத்தாவ எந்தப் பட்டறையிலயும் உளி எடுக்க விடல. கட்டில் கால் செதுக்கித்தான் காலத்தை ஓட்டுனாரு. இப்பதான் ஊரு மறந்துச்சு. எம்புள்ள காலேஜ்ல சேந்துருக்கான். திரும்பப் பலகை போட்டு மாட்டப் போறாங்களாம்."

அந்தக் கிழவர் சாகிறவரைக்கும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம். மூடினதை நான் பிரித்தது கெடுக்க இல்லை, காப்பாற்ற. யாரும் நம்பவில்லை. கடைசியாக அவள் கேட்டது இதுதான்: "உங்க அப்பா எதாச்சும் சொல்லியிருக்காங்களாம்மா? இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி பரவால்ல, நான் போயிட்டு வரேன்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன் ரகு. மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நான் தடுத்தும் கேட்கவில்லை.

பத்தியை எடு. இன்னும் நாள் இருக்கிறது.

வைஜயந்தி


புனே
18 அக்டோபர் 2025

அத்தைக்கு,

தீபாவளி நமஸ்காரம்.

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. குடும்பத்தார் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒருவர் தன் தாத்தா நல்லவர் என்று நம்புவதால் அறிக்கை பொய்யாகிவிடாது. காப்பாற்றப் பிரித்தார் என்றால் பரிசோதகரிடம் சொல்லியிருக்கலாமே. ஏன் திருட்டுத்தனமாகக் கத்தி?

உங்களுக்கே ஒன்றும் தெரியாது என்று அவர்களிடம் சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எந்த அடிப்படையில் என்னிடம் கேட்கிறீர்கள்? மோர் கொடுத்த பரிதாபத்திலா?

இனி இதைப் பற்றி எழுதவேண்டாம். பலகை அச்சுக்குப் போகிறது.

ரகுநந்தன்


மலைக்கோட்டை, திருச்சி
2 நவம்பர் 2025

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

ஆரிஃபா எழுதுவது. நீங்களும் வீட்டில் ஐயாவும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன்.

அன்றைக்கு உங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் வந்ததற்கு மன்னிக்கணும். உங்கள் தம்பி மகனுக்கோ அண்ணன் மகனுக்கோ, அந்தச் சங்கத்து விலாசத்துக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். பதில் வந்தது. ஆதாரம் இருந்தால் அனுப்பச் சொன்னார். எங்களிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. எங்கள் அத்தாவோட அத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான்.

ஒன்று மட்டும் கேட்க வெட்கமாக இருந்ததால் அன்று கேட்கவில்லை. நான் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. துணியை அளக்கிறவள் நான், ஆளைப் பார்த்தால் அளவு தெரியும். உங்களுக்கு ஏதோ தெரியும் என்றுதான் படி இறங்கினேன். நான் நினைத்தது தப்பானால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரிஃபா


ஸ்ரீரங்கம்
30 நவம்பர் 2025

ரகு,

நான் சௌக்கியமாக இல்லை. நாலு வாரமாக ராத்தூக்கம் சரியில்லை. அத்திம்பேர் டாக்டரிடம் போகலாம் என்கிறார். டாக்டரிடம் சொல்கிற வியாதி இல்லை இது. உன்னிடம் சொல்லித் தொலைக்கிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், அப்பா போவதற்கு முந்தின மாசம். தொட்டியத்து வீட்டுக் கூடத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கிறார், நான் தரையில் உட்கார்ந்து அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பேச்சு வாக்கில் சொன்னார். நான் நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார் என்று தெரிந்ததால் நிமிராமலே கேட்டேன்.

அந்த ஜனவரி ஆறாம் தேதி வைகுண்ட ஏகாதசி. அத்திம்பேரை விட்டுப் பழைய பஞ்சாங்கத்தில் பார்க்கச் சொன்னேன், சரியாக இருக்கிறது. அப்பா அப்போது ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருந்தார். பட்டறையில் லீவு கிடையாது, ஏகாதசியாவது கீகாதசியாவது என்று துரை சொல்லிவிட்டான். அதனால் முந்தின நாள் சாயங்காலமே, மறுநாள் முடியப் போகிற ஐந்து இறக்கைக்கும் சீட்டு எழுதி, தேதி போட்டு, நேரம் போட்டு, 'உட்புறம் பார்த்தேன்' என்று கையெழுத்தும் போட்டு மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார். ஹலீம் வேலையில் குறை இருந்ததே இல்லை, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்தாராம். விடிகாலையில் நம்பெருமாள் ரத்னாங்கியோடு பரமபத வாசல் தாண்டும்போது இவரும் கோவிந்தா போட்டுக்கொண்டு கூடவே தாண்டினார். நீ கண் நிறைந்து பார்த்த அந்த ஐந்தரை மணிக்கு உன் தாத்தா அங்கேதான் இருந்தார்.

சீட்டு எழுதிக் கொடுத்த அன்றைக்கு ராத்திரி ஷிப்டில் ஒரு இறக்கையில் பசை கெட்டுப்போயிருந்தது. பால் கட்டியை உலர்த்திப் பொடியாக்கின பசையாம் அது, தண்ணீரில் கரைத்தால் சில மணி நேரம்தான் தாங்கும். யாரோ பழசையே போட்டுவிட்டார்கள். ஹலீம் கவனித்து, உள்ளே மரத்தில் சாக்கட்டியால் பெரிசாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டு, காலையில் சாமி, அதாவது அப்பா, பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று வீட்டுக்குப் போய்விட்டார். சீட்டுத்தான் தயாராக இருக்கிறதே. மேஸ்திரி தைக்கச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் ஹலீம் வந்து பார்த்தால் இறக்கை மூடியிருக்கிறது. நேரே அப்பாவிடம் வந்தார். நீ கேட்டாயே, பரிசோதகரிடம் சொல்லியிருக்கலாமே என்று. சொன்னார். "சாமி, உள்ள நான் ஒரு குறி போட்டிருந்தேன். பாத்தீங்களா?" என்று கேட்டாராம். அப்பா திருமண்காப்போடு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கவில்லை என்று சொன்னால் வேலை போகும், ஜெயில்.

"பாத்தேன்னு சொன்னேன்டி வைஜு. எல்லாம் சரியா இருக்கு, போன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே பார்த்திருந்தா குறி கண்ணுல பட்டிருக்கணும். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்புறம்தான் ஹலீம் கத்தியை எடுத்தார். விசாரணையில் அப்பா இன்னொரு தடவை 'பார்த்தேன்' என்றார். செத்துப்போன பையனுக்குப் பத்தொன்பது வயசாம்.

'நீ போய் அந்த ஹலீம் ஆத்துல சொல்லிடு' என்றார் அப்பா. சரி என்றேன். முப்பத்தொரு வருஷம் ஆச்சு ரகு, போகவில்லை. உன் அப்பா இருந்தார், அவர் மனசு கஷ்டப்படும் என்று ஒரு சாக்கு. அவர் போன பிறகு, அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறதோ என்று ஒரு சாக்கு. அவளே வாசலில் வந்து நின்றாள். அவளிடமும் தெரியாது என்றுதானே சொன்னேன்.

பத்தியை எடுத்தால் மட்டும் இனிப் போதாது. யதிராஜன் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான், ஹலீம் நிரபராதி என்று பலகையில் எழுது.

வைஜயந்தி


புனே
12 டிசம்பர் 2025

உங்கள் கடிதம் கிடைத்தது.

முதலில் காரணம் கேட்காதே என்றீர்கள். பிறகு தெரியாது என்றீர்கள். அந்த அம்மா வந்துபோன பிறகு திடீரென்று ஒரு முழுக்கதை, சாக்கட்டிக் குறி உட்பட. இதை யாரிடம் கொடுத்தாலும் சிரிப்பார்கள். தாத்தா சொன்னதை வேறு யாராவது கேட்டார்களா? அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செத்தவர் வாயில் வார்த்தையைப் போடுவது சுலபம்.

ஏகாதசி விஷயத்துக்கு நன்றி. அது எனக்குத் தெரியாமல் இருந்தது. பஞ்சாங்கத்தில் நானும் சரிபார்த்தேன். சீட்டில் ஐந்தரை மணி இருக்கிறது. ஆகவே அன்று அவர் பட்டறையில்தான் இருந்திருக்கிறார். இரண்டாவது பத்தியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 'வைகுண்ட ஏகாதசியன்றுகூடப் பரமபத வாசலைத் துறந்து கடமையாற்றினார்.' சங்கத்தில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

மூன்றாவது பத்தி அப்படியே இருக்கும். சாட்சி இருந்தால் கொண்டுவாருங்கள். உங்களைத் தவிர வேறு சாட்சி. ஜனவரி 11 அன்று ஹாலுக்கு வந்து கூச்சல் போட்டால், வயதானவர், மனநிலை சரியில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

ரகுநந்தன்


ஸ்ரீரங்கம்
1 ஜனவரி 2026

ரகு,

க்ஷேமம் விசாரிக்காமல் நீ எழுதினாய். நான் அப்படி எழுதமாட்டேன். நீயும் சுப்ரஜாவும் நன்றாக இருக்கவேண்டும். ஆனால் இந்த வீட்டுப் படி இனி நீ ஏறவேண்டாம்.

போன மாசம் இருபதாம் தேதி ஆரிஃபா கடைக்குப் போனேன். மலைக்கோட்டைச் சந்தில் அந்தக் கூட்டத்தில் விசாரித்து விசாரித்து, கடைசியில் தையல் மெஷின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். உனக்கு எழுதினதை அப்படியே சொன்னேன். வெள்ளைத்தாளில் என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதே நகல் உங்கள் சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் ரிஜிஸ்தர் தபாலில் போயிருக்கிறது. ரசீது என்னிடம் இருக்கிறது. மனநிலை சரியில்லாதவள் ரசீது வாங்கி வைத்துக்கொள்வாளா என்று அவர்களிடம் கேள்.

அவள் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்துப் போயிருந்தேன் போலிருக்கிறது. ஒன்றுமில்லை. மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"முப்பத்தோரு வருசமா தெரியுமாம்மா உங்களுக்கு? எங்க அத்தா ரெண்டாயிரத்துப் பதினெட்டுலதான் மவுத்தானாரு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து சொல்லியிருக்கலாம்ல."

தாளை மடித்து டிராயரில் வைத்துக்கொண்டு, சரி போயிட்டு வாங்க என்றாள். திரும்பவும் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை. அவள் சொல்லாதது நியாயம்தான்.

பதினோராம் தேதி நான் ஹாலுக்கு வருவேன். கூச்சல் போடமாட்டேன். அவள் பிள்ளை காலேஜ் பையன், அவனும் அவளும் வருவதாக ஒரு வரி மட்டும் தபாலில் எழுதியிருக்கிறாள். பலகைக்கு முன்னால் நாங்கள் மூணு பேரும் நிற்போம். வருகிறவர்கள் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லுவோம். நீ போலீஸைக் கூப்பிடு, யாரைக் கூப்பிடு. பெற்ற அப்பாவைச் சந்தியில் நிறுத்துகிறாளே என்று ஊர் பேசும். பேசட்டும். அவர் என்னிடம் ஒப்படைத்த காரியம், நான் லேட்டாகச் செய்கிறேன்.

வேறு சாட்சி கேட்டாய். இல்லை. அந்தக் கூடத்தில் நானும் அவரும் நகவெட்டியும்தான் இருந்தோம். அதனால் பலகை என்ன ஆகும் என்பது இனி உன் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை. பரமபத வாசலைத் துறந்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்தபோதுதான் என் வயிறு எரிந்தது. இதற்கு மேல் எனக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

பெருமாள் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

வைஜயந்தி

கவரை ஒட்டப் போனவள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். முந்தாநாள் ஏகாதசிக்குப் பரமபத வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நெருக்கிக்கொண்டு நின்றபோதுகூடத் தோன்றவில்லை, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. உனக்கு ஆறேழு வயசாக இருக்கும்போது, தொட்டியத்திலிருந்து அப்பா ஏகாதசிக்கு வருஷம் தப்பாமல் வருவார். கூட்டத்தில் நீ நசுங்கக்கூடாது என்று உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் கொண்டுவருவார். வாசல்படி வந்ததும் உன்னை இறக்கி உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, 'நீங்க போங்கோ, நான் சுத்திண்டு வரேன்' என்று ஒதுங்கிவிடுவார். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நீதான் ஒவ்வொரு வருஷமும் திரும்பித் திரும்பிப் பார்த்து, தாத்தா உள்ளே வரமாட்டேங்கறா என்று வாசல் முழுக்க அழுதுகொண்டே தாண்டுவாய்.